கடல்நீர்த் தொட்டியை நன்னீருக்கு மாற்றுதல்: பாவித்த மூன்றடித் தொட்டி ஒன்றின் மதிப்பீடு

வவுனியாவில் தங்குவிடுதி ஒன்றின் வரவேற்பறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியை அதன் உரிமையாளர் முழுத் தொகுதியாக விற்றார். அதை வாங்கிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து நன்னீர்த் தொட்டியாக மாற்றிப் பாவித்து வருகிறேன். மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட, 10 மில்லிமீற்றர் கண்ணாடியில் ஒட்டப்பட்ட தொட்டி, அதிலிருந்து வழியும் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும், சம்ப் எனப்படும் சிறிய அடித்தொட்டி அதன் கீழே, இரண்டையும் தாங்கும் இரும்பு ஸ்டான்ட், தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டர், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், நீல வெளிச்சம் கூடிய எல்.ஈ.டி. விளக்கு, நீரோட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ் மேக்கர்கள், இவற்றோடு ஒரு மூட்டை பவள மணலும் இரண்டு பெட்டி நிறையப் பவளப் பாறைத் துண்டுகளும் வந்தன. கேட்கப்பட்ட விலை, இதே அளவில் வெறும் தொட்டியொன்றைப் புதிதாக ஒட்டுவித்து ஸ்டான்டும் செய்விப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தது.

கண்ணாடி, அடித்தொட்டி, மோட்டர் ஆகிய மூன்றையும் மட்டும் மனதில் வைத்து விலை பேசுகிறவருக்கு இப்படியான தொகுதி நல்ல கொள்வனவு என்பது என் முடிவு. ஏனையவற்றுக்குத் தனியாக ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பாவித்த கடல்நீர்த் தொட்டி என்றதும் எல்லோரும் முதலில் அஞ்சுவது உப்புக்கு. விற்பவரிடம் கேட்டறிய வேண்டியதோ செம்பைப் பற்றி.

உப்பு ஏன் பெரிய விடயமில்லை என்பதைச் சிறு கணக்கிலேயே கண்டுகொள்ளலாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. இந்தத் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் ஏறக்குறைய 190 லீற்றர் கொள்ளும் என்பதால், கடல்நீர் நிறைந்திருந்த காலத்தில் அதற்குள் ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்பு இருந்திருக்கும். ஆனால் தண்ணீரை வடித்த பின் மூலைகளிலும் குழாய்களிலும் இரண்டு லீற்றர் தேங்கி நின்றாலும் அதில் மிஞ்சுவது 70 கிராம்தான். அதன்மேல் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினால் லீற்றருக்கு 0.4 கிராமைக்கூட எட்டாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இதைவிட உவர்ப்பான கிணறுகளில் சனங்கள் குளித்துத் துவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருமுறை நிரப்பி வடித்துவிட்டால் அந்தச் சிறு அளவும் போய்விடும். கண்ணாடியோ சிலிக்கனோ உப்பை உள்ளே பிடித்து வைத்திருப்பதில்லை. முதற் கழுவல் தண்ணீரை மாத்திரம் வாழைக்கும் மிளகாய்க் கன்றுக்கும் ஊற்றாமல் வாய்க்காலுக்கு அப்பால் வெறுந்தரையில் கொட்டுவது நல்லது.

செம்பின் கதை வேறு. கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்துதான் நெடுங்காலமாகப் பாவிக்கப்படுகிறது. லீற்றருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரையான செம்பு மீனைக் காப்பாற்றும். அதே அளவு இறால், நத்தை, பவளம் போன்ற முள்ளந்தண்டற்ற உயிர்களைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு தொட்டியில் பவளமும் நத்தையும் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தால், அங்கே செம்பு இல்லை என்று துணிந்து சொல்லலாம். இந்த விடுதித் தொட்டியில் பவளங்கள் இருந்த காலத்துப் படங்களை உரிமையாளர் கைப்பேசியில் காட்டினார். பாறைகளின்மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசியும் செழிப்பாகத் தெரிந்தது. ஆயினும் அந்தப் படங்கள் பழையவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது பவளங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக, அதன்பிறகு அவர் அதில் மீன்களை மாத்திரமே வைத்திருந்திருக்கிறார். பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்தை ஊற்ற யாரும் துணியமாட்டார்கள். மீன் மாத்திரம் இருக்கும் தொட்டியிலோ அதுதான் முதலில் ஊற்றப்படும். ஸ்டான்டின் அலுமாரிப் பகுதியைத் திறந்து பார்த்தபோது, பின்மூலையில் பாதி தீர்ந்த நீலநிறத் திரவப் போத்தல் ஒன்று மூடியில் பச்சை பூத்தபடி இருந்தது. அதன் லேபிளில் செம்பு சல்பேற்று என்றிருந்தது. அந்தப் போத்தலைக் கையில் எடுத்த பிறகுதான் விலை இறங்கியது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

செம்பு பெரும்பாலும் போய்த் தங்குவது சுண்ணாம்புள்ள பொருட்களில்: பவள மணலிலும் பாறைகளிலும் கண்ணாடியில் படிந்த வெண்காரையிலும். தண்ணீரின் பீ.எச். அளவு இறங்கும்போது, அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாயும்போது, அங்கிருந்து அது திரும்பவும் கரைந்து வரும். எனவே மணலும் பாறையும் தொட்டிக்குள் போகாமல் நின்றுவிட்டன. கண்ணாடியில் இருந்த காரையை அமிலத்தால் கரைத்து வெளியேற்றினால் அதோடு செம்பும் போகும் என்பதால், துப்புரவு வேலைக்கு இரட்டைப் பயன் இருந்தது. செம்பைச் சோதிக்கும் கிற் கொழும்பிலிருந்து வருவித்தால் கிடைக்கும். அதற்குச் செலவழிக்க விரும்பாதவர்கள் வயல் வாய்க்காலில் சாதாரணமாகக் காணப்படும் சிறு நத்தைகள் சிலவற்றை நிரப்பிய தொட்டியில் விட்டுப் பார்க்கலாம். செம்பு இருந்தால் அவை ஓட்டுக்குள் சுருங்கி அடியில் விழுந்து கிடக்கும். இல்லையென்றால் கண்ணாடியில் ஏறி மேயத் தொடங்கும். என் தொட்டியில் அவை மேய்ந்தன, சில நாட்களில் வடிகுழாயின் உட்புறத்தில் முட்டைப் பசையையும் ஒட்டிவிட்டன. மீன் மட்டும் வளர்க்க நினைப்பவருக்கு இந்த எச்சரிக்கை ஓரளவு மிகையானது, ஏனெனில் வன்னியின் சுண்ணாம்பு கரைந்த கடினநீரில் செம்பின் நச்சுத்தன்மை மீன்களுக்குக் குறைவாகவே உறைக்கும். இறால் வளர்க்கும் எண்ணம் இருப்பவருக்கு ஒருபோதும் மிகையாகாது.

கண்ணாடியைப் பரிசோதிப்பதில் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு தனி வசதி உண்டு. நன்னீர்த் தொட்டியில் மெல்லிய கசிவு இருந்தால் அது காய்ந்து தடமின்றிப் போய்விடலாம். கடல்நீர் கசிந்த இடத்திலோ உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். வாங்குமுன் பார்ப்பதற்காக என்னோடு கூட வந்த கண்ணாடிக் கடைக்காரர், தொட்டியின் நான்கு செங்குத்து மூலைகளையும் அடிவிளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது ஒழுகியிருந்தா எங்களுக்குச் சொல்லாமலே வெள்ளை விட்டுக் காட்டியிருக்கும், ஒண்டுமில்லை" என்று முடித்துவிட்டார். உப்புப் பூத்திருந்த ஒரேயொரு இடம் வடிகுழாய் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் வளையத்தைச் சுற்றித்தான். இறப்பர் வளையம் இறுகிப் போயிருந்ததால் அதைப் புதிதாக மாற்றியதோடு அந்தக் கசிவு நின்றது. சிலிக்கனை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும்: மீண்டு எழுந்தால் நல்லது, பொடிந்தாலோ ஓரம் கிளம்பினாலோ முழுவதையும் சுரண்டித் திரும்ப ஒட்டுவிக்கும் கூலியையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஏ9 வீதி வழியாகப் பட்டா வாகனத்தில் ரெஜிபோம் பலகைகளுக்கு நடுவே நிறுத்திக் கொண்டுவந்ததில் சேதம் எதுவும் நேரவில்லை. வீட்டில் வைக்கும்போது தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து கால் தொன்னுக்கு மேல் பாரம் வரும் என்பதை மறக்கக் கூடாது. மண்வீட்டுத் தரையிலும் பாதி முடிந்த சீமெந்துத் தரையிலும் ஸ்டான்டின் கால்கள் இறங்கிவிடும். தொட்டியின் அடியில் ரெஜிபோம் தாள் ஒன்றை விரித்து, நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

துப்புரவு வேலையில் பெரும் பங்கு வினாகிரிக்கு உரியது. பலசரக்குக் கடையில் விற்கும் மலிவான செயற்கை வினாகிரியே போதும். தென்னை வினாகிரியை இதற்கு வீணாக்கத் தேவையில்லை. ஊதாப் பாசி என்று நாம் சொல்வது உண்மையில் சுண்ணாம்பைத் தன் உடலில் கட்டும் பாசி ஆகையால், நனைத்த துணியை அதன்மேல் ஒட்டி வைத்தால் மெல்லிய குமிழிகள் கிளம்பி, ஓரத்திலிருந்து வெளுத்து, பிளாஸ்ரிக் அட்டையால் தள்ளினாலே செதிலாகக் கழன்று வரும். கண்ணாடியின் நடுப்பகுதியில் சவர பிளேட் பாவிக்கலாம், சிலிக்கன் ஓரத்தில் கூடாது. மோட்டரைக் கழற்றி அதன் காந்தச் சுழலியை வினாகிரியில் ஊறவைத்தபோது முன்பு கரகரத்த சத்தம் அடங்கியது. சவர்க்காரம் எதையும் தொட்டியில் பட விடக்கூடாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கிருமி நீங்குவதற்காகக் குளோரீன் தூளோ பிளீச்சோ பாவிக்க விரும்புகிறவர்கள் அதை வினாகிரியோடு, அல்லது ஹாட்வெயாரில் விற்கும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு கிளம்பும். ஒன்றை முடித்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகே மற்றதைத் தொட வேண்டும். வெயிலுக்கு வன்னியில் பஞ்சமில்லை.

பவள மணலும் பாறையும் நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், அவை கல்சியம் காபனேற்று என்பதும், மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பீ.எச். அளவையும் உயர்த்தும் என்பதும்தான். மழைநாட்டு மென்னீரில் வாழும் மீன்களை வைத்திருப்பவருக்கு இது பெரிய தடை. ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படியும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிற எங்களுக்கு இது அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்துவிடாது. ஏற்கெனவே கடினமான தண்ணீரில் பவள மணல் கரைவதும் குறைவு. செம்பு மருந்து காணாத பாறை என்று உறுதியானால், நன்றாக ஊறவைத்து, உள்ளே செத்துப்போன புழுவும் பஞ்சுயிரியும் அழுகி முடியும்வரை வெளியே போட்டுக் காயவைத்து, ஆபிரிக்கச் சிக்லிட் மீன்களுக்கோ மொலிக்கோ பாவிக்கலாம். காயவைக்காமல் அப்படியே நன்னீரில் இறக்கினால், பாறைக்குள் இருக்கும் உயிர்கள் எல்லாம் ஒரே நாளில் செத்து, தண்ணீர் நாறி, அமோனியா ஏறிவிடும். என் தொட்டியில் நன்றாக அரித்துக் கழுவிய ஆற்று மணலையே போட்டிருக்கிறேன். அதில் வினாகிரி ஊற்றியபோது நுரைக்கவில்லை.

கருவிகளில் அடித்தொட்டி ஒன்றே இந்தத் தொகுதியின் உண்மையான பெறுமதி. கடையில் விற்கும் தொங்கு வடிகட்டிகள் எவற்றிலும் கொள்ளாத அளவுக்கு ஸ்பொஞ்சையும் உடைத்த ஓட்டுத் துண்டுகளையும் அதில் நிரப்பலாம். அசிங்கமான குழாய்கள் எல்லாம் அலுமாரிக்குள் மறைந்துவிடும். தண்ணீரின் மொத்த அளவும் கூடும். ஆனால் மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதை வாங்கிய அன்றே சோதிக்க வேண்டும். மோட்டர் நின்றதும், மேல்தொட்டியின் நீர்மட்டம், தண்ணீர் வழிந்து கீழே போகும் வழிவாயின் விளிம்புவரை இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஓரங்குலம் இறங்கினாலே 10 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் கீழே வரும். மேலேற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அது வழியாகவும் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்பட்டு இறங்கி, அடித்தொட்டி நிரம்பி வீடு முழுவதும் ஓடும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை ஒன்று இட்டால் காற்றுப் புகுந்து அந்த உறிஞ்சலை அறுத்துவிடும். மாரி காலத்தில் மரக்கொப்பு கம்பியில் விழுந்து இரவிரவாக மின்சாரம் இல்லாமற் போகும் ஊரில் இந்தத் துளையை இட மறக்கலாகாது.

புரோட்டீன் ஸ்கிம்மர் நன்னீரில் வேலை செய்யாது. உப்பு நீரில் காற்றுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மிக நுண்ணியவையாக நிலைத்து நிற்பதால்தான் அழுக்கு அவற்றில் ஒட்டி நுரையாக மேலேறுகிறது. நன்னீரில் குமிழிகள் உடனே கூடிப் பெரிதாகி வெடித்துவிடும். விற்பவர் இதைத் தொகுதியின் மிக விலைகூடிய பொருளாகக் காட்டினார். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு அது உண்மைதான், எமக்கு அது அலுமாரியில் இடம் பிடிக்கும் பிளாஸ்ரிக். வேவ் மேக்கர்களின் வேகத்தில் கப்பி மீன்கள் சுவரோடு போய் அறைபடும் என்பதால் அவையும் கழன்றன. விளக்கைப் பற்றிக் கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. பவளங்களுக்காக நீலத்தை அள்ளி வீசும் விளக்கு என்றாலும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிச் சுவிச் இருந்ததால், நீலத்தை அணைத்து வெள்ளையைப் பாதியில் வைத்துப் பாவிக்கலாம்; முழு வெளிச்சத்தில் விட்டால் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி படரும். ஹீற்றர் இருந்திருந்தாலும் இந்த ஊரில் அதற்கு வேலையில்லை.

மீன் விடுவதற்கு முந்திய காத்திருப்பைப் பற்றி இங்குள்ள மீன்கடைகளில் கிடைக்கும் ஆலோசனை மோசமானது என்றே சொல்ல வேண்டும். பழைய தொட்டி, பழைய வடிகட்டி, ஆகவே பற்றீரியா ஏற்கெனவே உண்டு என்று ஒரு கடையிலும், "இந்த மருந்தில ஒரு மூடி விடுங்கோ, இண்டைக்கே மீன் விடலாம்" என்று இன்னொரு கடையிலும் சொன்னார்கள். கடல்நீரில் வளர்ந்த பற்றீரியாவில் பெரும்பகுதி திடீரென நன்னீருக்கு மாறினால் தாக்குப்பிடிக்காது. காய்ந்த ஸ்பொஞ்சில் அதுவும் மிஞ்சாது. ஆகவே மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாத் தொகுதி புதிதாகவே உருவாக வேண்டும்; அதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு கிழமைகள் பிடிக்கும். எங்கள் தண்ணீரில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பீ.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் அரை வீதமளவே நச்சு வடிவில் இருக்கும், பீ.எச். 8 ஆனால் அது ஐந்து வீதத்தைத் தாண்டும், வெப்பம் கூடக்கூட இன்னும் உயரும். மென்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அமோனியா, சுண்ணாம்புக் கிணற்று நீரில் அதைக் கொன்றுவிடும். நண்பர் ஒருவரின் ஓடிக்கொண்டிருக்கும் நன்னீர்த் தொட்டியிலிருந்து அழுக்குப் பிடித்த ஸ்பொஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து அடித்தொட்டியில் போட்டதுதான், கடைப் போத்தல்கள் எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது. வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரீன் இடும் நாட்களில் மட்டும் அந்தத் தண்ணீரை ஊற்றாமல் இருக்க வேண்டும். அது மீனையும் கொல்லும், பற்றீரியாவையும் கொல்லும்.

எந்த மீன் என்ற கேள்விக்கு வன்னித் தண்ணீரே விடை சொல்லும். கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்கள் கடினநீரை விரும்புபவை. அவற்றுள் மொலி, கழுவாமல் விட்ட சிறிது உப்பைக்கூடப் பொருட்படுத்தாது. செரி பார்ப் என்ற அழகிய சிவப்பு மீன் எங்கள் நாட்டுக்கே உரியது என்றாலும், அதன் வீடு தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த மென்னீர் ஓடைகள். இங்கே அதை வாங்கி வைப்பவர்கள் தண்ணீருக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும். இரணைமடுக் குளத்தில் பிடித்த யப்பான் (திலாப்பியா) குஞ்சுகளைப் பிள்ளைகள் போத்தலில் கொண்டுவந்து விடச் சொல்வார்கள். ஒரு வருடத்தில் மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் அடித்தொட்டியில் தண்ணீர் வற்றும் வேகம் வியப்பூட்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். குறைந்ததை மீண்டும் மீண்டும் கிணற்று நீரால் நிரப்பினால் கடினத்தன்மை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். எனவே குறைநிரப்புவதற்கு, பீலியில் பிடித்துச் சேமித்த மழைநீரையோ, சுத்திகரிப்பு நிலையங்களில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ பாவித்து, தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் கிணற்று நீரை ஊற்றுவதே பொருத்தமானது.

இந்தத் தொகுதியில் எனக்கு இன்னும் திருப்தி தராதவை இரண்டு. ஒன்று, இரும்பு ஸ்டான்ட்: மேல்பூச்சு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உப்புநீர் சொட்டிய மூட்டுகளில் துரு உள்ளே இறங்கியிருந்தது, சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு காலுக்குத் துண்டு வைத்து ஒட்டுவித்த செலவு, விலையில் கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. மற்றது, வழிவாயின் பற்கள் பெரிய கடல்மீன்களுக்காக அகலமாக வெட்டப்பட்டவை; கப்பிக் குஞ்சுகள் அவற்றினூடாக அடித்தொட்டிக்குப் போய்விடுகின்றன. நுளம்புவலைத் துண்டைக் கட்டினால் பாசி அடைத்து நீர்மட்டம் உயர்கிறது. பெரிய துளையுள்ள ஸ்பொஞ்சைப் பற்களின் முன்னால் செருகி, கிழமைக்கு ஒருமுறை பிழிந்து வைப்பதே இப்போதைக்குச் சரிவருகிறது.